நாலு சுவர் கதை

அன்புள்ள மங்கை,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. சின்னவனுக்கு வேலை கிடைத்ததில் ரொம்பச் சந்தோஷம். முட்டுவலிக்குத் தைலத்தோடு நிற்காமல் டாக்டரிடம் காட்டு.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பழைய கதையெல்லாம் எதற்கு?" என்று கேட்டிருந்தாய். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பா போன பிறகு அம்மா எங்களோடு கோவையில்தானே இருக்கிறாள். வந்த ஆறு மாதத்தில் உடம்பு ஊதிவிட்டது. சாப்பிடுவது ரெண்டே இட்லி. சுகர், தைராய்டு எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை. வயசு என்று நானும் விட்டுவிட்டேன்.

போன ஞாயிறு சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே என் மகளுக்குக் கதை சொன்னாள். நமக்குத் தெரிந்ததுதான். தாலியறுத்த கிழவி, ரெண்டு மகன், ரெண்டு மருமகள். நாலு பேரும் ஏச்சு. சொல்லி அழ ஆளில்லை. துக்கத்தை உள்ளேயே போட்டுப் போட்டு உடம்பு பெருக்கிறது. அதற்கும் கேலி. ஒருநாள் ஊருக்கு வெளியே, கூரையில்லாத பாழடைந்த வீட்டுக்குள் போய் நிற்கிறாள். முதல் சுவரிடம் மூத்த மகனைப் பற்றிச் சொல்லி அழுகிறாள். பாரம் தாங்காமல் சுவர் இடிந்து விழுகிறது, இவள் உடம்பு கொஞ்சம் இளைக்கிறது. அடுத்த சுவர் மூத்த மருமகளுக்கு. மூன்றாவது இளைய மகனுக்கு.

அங்கே அம்மா நிறுத்திவிட்டாள். கையில் உரித்த வெங்காயம் அப்படியே இருந்தது.

"ஏன் ஆச்சி, அவங்க வீட்டுச் சுவர்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் மகள்.

"அது விழுந்தா எங்கே போய்க் குடியிருக்கிறது?"

மங்கை, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனை தடவை கேட்ட கதை, இது தோன்றியதே இல்லை. ஏ. கே. ராமானுஜன் 1991-இல் வெளியிட்ட இந்திய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் இதைத் தமிழ்க் கதையாகச் சேர்த்திருக்கிறார். நான் படித்தும் இருக்கிறேன், படித்து என்ன?

கிரேக்கத்து மிடாஸ் ராஜாவின் கழுதைக் காது ரகசியத்தை அடக்க முடியாமல் நாவிதன் குழி தோண்டிச் சொன்னான். கொரியாவில் அதே ரகசியத்தை ராஜாவுக்குத் தொப்பி தைத்தவன் மூங்கில் தோப்பில் போய்ச் சொன்னான். எல்லா ஊரிலும் இந்தப் பாரம் இருந்திருக்கிறது. இன்று மட்டும் இல்லையா? நம் பிள்ளைகள் ராத்திரி ரெண்டு மணிக்குப் போனைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார்களே, அவர்களுக்கும் ஒரு சுவர் வேண்டாமா? பள்ளிக்கூடத்தில் கதை சொல்லி, முடிவில் 'நீதி' என்று ஒரு வரி எழுதச் சொல்கிறார்கள். இந்தக் கதைக்கு என்ன நீதி எழுதுவது? எதுவும் எழுதாததால்தான் அது இத்தனை வருஷம் அம்மாவோடு இருந்திருக்கிறது.

அன்று ராத்திரி அம்மா பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தேன். வெகுநேரம் கழித்துச் சொன்னாள்: "வீட்டை விக்கும்போது நீங்க ரெண்டு பேரும் என்னை ஒரு வார்த்தை கேக்கலையே."

நானும் அண்ணனும்தான் விற்றோம். சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. விடிய விடியப் பேசினாள்: முற்றம், முருங்கை, அப்பாவின் சாய்வு நாற்காலியை யாருக்கோ கொடுத்தது. நான் "ம்" கொட்டிக்கொண்டே இருந்தேன்.

உடம்பு இளைத்துவிடவில்லை. ஆனால் இப்போது சாயங்காலம் தானாகவே கீழே இறங்கிப் போகிறாள்.

கடைசிச் சுவர் விழுந்த பிறகு கிழவி என்ன செய்கிறாள் என்பதில் உன் ஆச்சி வேறு மாதிரி ஒன்று சொல்வாளே, நினைவிருக்கிறதா? அம்மா கேட்கிறாள். எழுது.

அன்புடன்,
செல்வி