டிஷ்ஷுக்கு இனி பணம் கட்டாதே, கண்ணு

பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு ஆபரேஷன் ஆன கண் நன்றாகத் தெரிகிறது. சொட்டு மருந்தும் நேரத்துக்குப் போட்டுக்கொள்கிறார்.

இந்த விஷயத்தைப் போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே "விடும்மா, நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லி ரீசார்ஜ் பண்ணிவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். டிஷ் கனெக்‌ஷனை விட்டுவிட்டோம். தோஹாவில் இருந்துகொண்டு மாதாமாதம் 350 ரூபாய் கட்டுகிறாயே, இனி அது வேண்டாம். உன் கார்டிலிருந்து தானாகப் போகிற மாதிரி வைத்திருக்கிறாய் அல்லவா, முதலில் அதை நிறுத்திவிடு.

நீ செய்வதை வேண்டாம் என்று தள்ளுகிறோம் என்று நினைத்துவிடாதே. அப்பா ரிட்டயர் ஆகி வீட்டோடு உட்கார்ந்தபோது, நாங்கள் வாயைத் திறந்து கேட்பதற்கு முன்னால் நீயே ஆளை அனுப்பிப் போட்டுக் கொடுத்தாய். அந்த மனசு எனக்குத் தெரியும். பணம் மட்டும்தான் காரணம் என்றால் நான் இவ்வளவு யோசித்திருக்கவே மாட்டேன். ஆனாலும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2019ல் புது விதி வந்தபோது அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், வரியோடு 153 என்று ஆனது ஞாபகம் இருக்கும். ஒரு கட்டணச் சேனலைக்கூடத் தொடுவதற்கு முன்னால் போகிற பணம் அது. அப்புறம் பேக், அதற்கு மேல் அப்பாவுக்கு ஸ்போர்ட்ஸ். இத்தனைக்கும் நாங்கள் பார்ப்பது ஐந்தாறு சேனல்தான்.

என் மனசை உண்மையில் முறித்தது அந்தப் பதிவு விவகாரம். காசிமேட்டு மீனவர்களைப் பற்றிய ஒரு நிகழ்ச்சியில் உன் சித்தப்பா வலை பின்னிக்கொண்டே இரண்டு நிமிஷம் பேசினாரே, அதை அப்பா பழைய பெட்டியில் பதிந்து வைத்திருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் போட்டுக் காட்டுவார். நடுவில் ஒரு முறை ரீசார்ஜ் தேதி தாண்டியபோது டிவி நின்றதோடு அந்தப் பதிவும் திறக்கவில்லை. சந்தா உயிரோடு இருந்தால்தான் பதிந்ததையும் பார்க்க முடியுமாம். பணம் கட்டியதும் திறந்தது, சரி என்று விட்டோம். அப்புறம் பெட்டியே பழுதாகி, கம்பெனி ஆள் வந்து வேறு பெட்டி வைத்துவிட்டுப் போனார். பழைய பதிவுகளைக் கேட்டால், அவை அந்தப் பெட்டியில் மட்டுமே ஓடும்படி பூட்டியிருக்கும், வெளியே எடுக்க வழியில்லை என்றார். அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். நம் வீட்டில், நம் கரண்டில், நம் பெட்டியில் பதிந்தது. ஆனால் அது நம்முடையது இல்லை. இது எனக்குச் சரியாகவே படவில்லை, இன்றைக்கும் படவில்லை.

இப்போது வைத்திருப்பது தூர்தர்ஷனுடைய ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் ஆரம்பித்தது. மாதக் கட்டணம் கிடையாது, ரீசார்ஜ் கிடையாது, பெட்டி வாங்குகிற செலவோடு சரி. மாப்பிள்ளைதான் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய், பழைய சிக்னல், புது சிக்னல் இரண்டையும் எடுக்கிற மாதிரி, யூஎஸ்பியில் பதிவு செய்கிற வசதியோடு பார்த்து வாங்கி வந்தார். 1,400 ரூபாய். மலிவான பெட்டிகளில் சில, பழைய வகைச் சேனல்களை மட்டும்தான் எடுக்குமாம், அதனால் கடையிலேயே போட்டுப் பார்த்துத்தான் வாங்கினாராம்.

டிஷ் புதிதாக வாங்கவில்லை. மாடியில் இருந்ததையே திருப்பிக்கொண்டோம். தண்டையார்பேட்டை உப்புக் காற்றில் போல்ட்டெல்லாம் துரு ஏறி இறுகிப் போயிருந்தது. மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது, தேங்காய் எண்ணெயை விட்டு ஊற வைத்து, மறுநாள் காலையில்தான் ஸ்பேனருக்கு மசிந்தது. இந்தச் சேனல்கள் ஜிசாட்-15 என்ற செயற்கைக்கோளிலிருந்து வருகின்றன. 2015 நவம்பரில் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவியது. பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், 93.5 டிகிரி கிழக்கில் நிற்கிறது. நாம் 80 டிகிரியில் இருப்பதால் நமக்கு அது தென்கிழக்கு. அதாவது மாடியில் நின்றால், துறைமுகத்துக்கு உள்ளே போகக் கப்பல்கள் காத்து நிற்குமே, ஏறக்குறைய அந்தப் பக்கம். ஆனால் நன்றாக அண்ணாந்து பார்க்க வேண்டும், கிட்டத்தட்ட 68 டிகிரி உயரம். அதனால் பக்கத்து மனையில் எழும்பியிருக்கிற மூன்று மாடி நமக்கு மறைக்கவில்லை.

மாப்பிள்ளை மேலே டிஷ்ஷை மயிரிழை மயிரிழையாக நகர்த்த, உன் தங்கை படிக்கட்டில் நிற்க, அப்பா டிவி முன்னால் உட்கார்ந்து சிக்னல் பட்டையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "வந்துச்சா?" "வரல!" "இப்போ?" "போச்சு, போச்சு, பழைய இடத்துக்கே வா!" தெருவே எட்டிப் பார்த்தது. பலம் என்று ஒரு பட்டை, தரம் என்று ஒரு பட்டை. பலம் ஏறினாலும் தரம் ஏறாவிட்டால் படம் வராது. தரப் பட்டை சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியபோது அப்பா கை தட்டினார், கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அவ்வளவு உற்சாகமாக இருந்து நான் பார்க்கவில்லை.

பதிவுக்கு வருகிறேன். ஒரு பென்டிரைவைச் சொருகினால் போதும். சாதாரணச் சேனலாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஒன்று, ஒன்றரை ஜிபி பிடிக்கிறது. ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட்டதும் அதுவாகவே அடுத்த கோப்பை ஆரம்பித்துக்கொள்கிறது. பெட்டியின் கடிகாரத்தில் +5:30 என்று வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் லண்டன் நேரத்துக்குப் பதிந்துகொண்டிருக்கும். மாப்பிள்ளை வந்த அன்றே அதைச் சரியாக வைத்துவிட்டார். நான் எப்போதும் பத்து நிமிஷம் முன்னால் ஆரம்பித்து, கால் மணி நேரம் தள்ளி முடிகிற மாதிரி டைமர் வைக்கிறேன். நிகழ்ச்சிகள் சொன்ன நேரத்துக்குத் தொடங்குவதில்லை. ஒன்று பதிந்துகொண்டிருக்கும்போது எல்லாச் சேனலும் மாற்ற முடியாது, அதே அலைவரிசையில் கூட வருகிற சேனல்களை மட்டும் பார்க்கலாம். எங்களுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

உன் ஜாமெட்ரி பாக்ஸ் பரணில் இருந்தது, அதில்தான் பென்டிரைவ்களைப் போட்டு வைத்திருக்கிறேன். சிவப்பு நூல் கட்டியது அப்பாவின் கிரிக்கெட், மஞ்சள் நூல் என்னுடைய கச்சேரிகள். டிடி தமிழில் வருகிற பாட்டுக் கச்சேரிகளை விடுவதில்லை. பொதிகைதான் 2024 ஜனவரியிலிருந்து டிடி தமிழ். 1975ல் சென்னை தூர்தர்ஷன் தொடங்கிய காலத்திலிருந்து பார்த்த கண்ணுக்கு, இப்போது படம் பளிச்சென்று இருக்கிறது. முக்கியமான விஷயம், இந்தக் கோப்புகள் கம்ப்யூட்டரிலும் ஓடுகின்றன. உன் தங்கை லேப்டாப்பில் போட்டுக் காட்டினாள். யாருக்கு வேண்டுமானாலும் காப்பி எடுத்துக் கொடுக்கலாம்.

அப்பாவுக்கு இதில் பெரிய லாபம் கிரிக்கெட். டாக்டர் ராத்திரி கண் விழிக்கக் கூடாது என்றாரே, அதனால் ஆட்டத்தைப் பதியப் போட்டுவிட்டு ஒன்பதரைக்கெல்லாம் படுத்துவிடுகிறார். காலையில் காபியோடு உட்கார்ந்து பார்க்கிறார். அதுவரை வீட்டில் யாரும் முடிவைச் சொல்லக் கூடாது. பேப்பரை நான் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறேன். தண்ணி கேன் போடுகிற பையன் ஒரு நாள் வாசலிலிருந்தே "தாத்தா, ஜெயிச்சுட்டோம்!" என்று கத்திவிட்டான், அப்பா அரை நாள் அவனோடு பேசவில்லை. இப்போது அவன் உள்ளே வரும்போதே வாயைப் பொத்திக்கொள்கிறான்.

பழைய கனெக்‌ஷனில் டிடி ஸ்போர்ட்ஸ் வந்தாலும் இந்தியா ஆடுகிற நேரத்தில் வேறு ஏதோ ஓடும், அப்பா ரிமோட்டைத் தூக்கி வைத்துவிடுவார். காரணத்தை இப்போதுதான் படித்துத் தெரிந்துகொண்டார். தேசிய முக்கியத்துவம் உள்ள ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தனியார் சேனல்கள், தூர்தர்ஷனை நடத்துகிற பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்று 2007ல் ஒரு சட்டம் வந்தது. இந்தியா ஆடுகிற ஒருநாள், டி20 ஆட்டங்களெல்லாம் அதில் உண்டு, ஒலிம்பிக்கும் உண்டு. ஆனால் அப்படி வாங்கியதைத் தூர்தர்ஷன் தன் சொந்த ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டும்தான் காட்டலாம் என்று 2017ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் பணம் கட்டியவர் வீட்டில் மறைக்கப்படுகிற ஆட்டம், பணம் கட்டாத எங்கள் வீட்டில் வருகிறது. ஐபிஎல் அந்தப் பட்டியலில் இல்லை. சிஎஸ்கே ஆடுகிற அன்று அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு முனை டீக்கடைக்குப் போய்விடுவார், நானும் தடுப்பதில்லை.

இல்லாததையும் சொல்ல வேண்டும். சன் டிவி மாதிரியான கட்டணச் சேனல் எதுவும் இதில் வராது. இந்திச் சேனல்கள்தான் அதிகம், தமிழ் குறைவு. தமிழ்நாட்டு வீட்டுக்கு இது முழுச் சாப்பாடு என்று நான் சொல்ல மாட்டேன். எட்டு மணி சீரியலை மட்டும் கீழ் வீட்டு அக்காவோடு உட்கார்ந்து பார்க்கிறேன். விளம்பர நேரத்தில் இரண்டு பேரும் கீரை ஆய்ந்துவிடுகிறோம். உன் மாமியார் திருவொற்றியூரிலிருந்து போன் பண்ணி, நாங்களும் மாற்றிக்கொள்ளலாமா சம்பந்தி என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு மதியத்திலிருந்து ராத்திரி வரை சீரியல் வேண்டும், அவருக்கு கேபிள்தான் சரி. நீயும் அவர்களுக்குச் சொல்லப் போகாதே.

பெருமழையில் படம் கட்டம் கட்டமாக உடையும், கொஞ்ச நேரம் நிற்கும். பழைய டிஷ்ஷிலும் அப்படித்தான் ஆனது. மழை விட்டதும் தானாக வந்துவிடும், அதற்காக யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. போனில் ஆப் போட்டுக் கொடுக்கிறேன் என்று நீ சொல்வாய் என்று தெரியும். அப்பாவின் கண்ணுக்கு அந்தச் சின்னத் திரை ஆகாது.

ஒரு சின்ன வேலை தருகிறேன். சித்தப்பா பேசிய அந்த நிகழ்ச்சி உன் போனில் இருக்கிறதா என்று தேடிப் பார். அந்தச் சமயம் நீ லீவில் வந்திருந்தாய், டிவி திரையை போனில் படம் பிடித்த மாதிரி எனக்கு ஒரு ஞாபகம். இருந்தால் உன் தங்கைக்கு அனுப்பு, சிவப்பு நூல் பென்டிரைவில் ஏற்றிக்கொள்கிறோம். அப்பாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம், கிடைக்காவிட்டால் ஏமாந்துபோவார். லீவுக்கு வரும்போது 128 ஜிபியில் நல்ல பென்டிரைவ் இரண்டு வாங்கி வா. இங்கே பர்மா பஜாரில் வாங்கியது ஒன்று அதற்குள் போய்விட்டது.

கார்டில் நிறுத்தியதும் ஒரு மெசேஜ் போடு. வேளைக்குச் சாப்பிடு.

அம்மா