எதிரணியின் கீதம் ஒலிக்கும்போது: சக ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அரங்கில் எனக்கு முன்வரிசையிலும் பின்வரிசையிலும் அமரும் ரசிகத் தோழர்களுக்கு,

வணக்கம்.

போன ஆட்டத்தில் எதிரணியின் தேசிய கீதம் தொடங்கியதும் நம் பக்கத்திலிருந்து விசில் கிளம்பியது. முதலில் நாலைந்து பேர், பிறகு ஒரு வரிசை. கீதம் பாதியைத் தொடுவதற்குள் மொத்த கேலரியும் ஊளையிட்டது. மைதானத்தில் வரிசையாக நின்ற பதினொரு பேரில் ஒருவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டே இருந்தார். அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது. அடுத்து நம் கீதம் ஒலித்தது. அதே கேலரி விறைத்து நின்று, நெஞ்சில் கை வைத்து, தொண்டை வறளப் பாடியது. நானும் பாடினேன். நம் கீதத்தைப் பாடும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும், அன்றும் கலங்கியது. ஆனால் அன்று கூடவே வெட்கமாகவும் இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விசிலடித்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. இருபது வயதில் நானும் அடித்திருக்கிறேன். அணிமேல் உள்ள வெறியில், பக்கத்தில் இருப்பவன் அடிக்கிறானே என்று அடித்தேன். நாட்டுப்பற்றைக் காட்டுவதாகத்தான் அப்போது நம்பினேன்.

ஆட்டத்துக்கு முன் கீதம் பாடும் இந்த வழக்கம் வந்த கதையைக் கொஞ்சம் பாருங்கள். 1905 டிசம்பரில் கார்டிஃப் நகரில் வேல்ஸும் நியூசிலாந்தும் ரக்பி ஆடின. நியூசிலாந்து வீரர்கள் தங்கள் ஹாக்கா நடனத்தை ஆடி முடித்ததும், வேல்ஸ் வீரர்கள் பதிலுக்குத் தங்கள் நாட்டுப் பாடலை எடுத்தார்கள், கூட்டமும் சேர்ந்துகொண்டது. விளையாட்டுக்கு முன் நாட்டுப்பண் பாடியதன் தொடக்கமாகப் பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். 1918-இல், முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, சிகாகோவில் பேஸ்பால் இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் இடைவேளையில் வாத்தியக்குழு ஒரு பாடலை வாசித்தது. கடற்படையிலிருந்து விடுப்பில் வந்து ஆடிக்கொண்டிருந்த ஒரு வீரர் கொடியை நோக்கி சல்யூட் அடித்தார். மற்றவர்களும் திரும்பி நின்றார்கள், அரங்கம் பாடியது. அந்தப் பாடல் அமெரிக்காவின் அதிகாரபூர்வ கீதமானதே 1931-இல்தான். இரண்டு இடத்திலும் சட்டப் புத்தகத்தைப் பார்த்து யாரும் எழுந்து நிற்கவில்லை. உள்ளேயிருந்து வந்தது. கார்டிஃபில் முதலில் ஹாக்காவை முழுக்க ஆட விட்டுவிட்டுத்தான் தங்கள் பாட்டை எடுத்தார்கள் என்பதையும் கவனியுங்கள்.

டப்ளின் நகரின் குரோக் பார்க் அரங்கைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை என்னால் எழுத முடியாது. அயர்லாந்து பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்த 1920 நவம்பர் 21 அன்று அங்கே, அயர்லாந்தின் மரபு ஆட்டமான கேலிக் கால்பந்து நடந்துகொண்டிருந்தபோது பிரிட்டிஷ் படைகள் புகுந்து சுட்டன. 14 பேர் செத்தார்கள், அவர்களில் மைக்கேல் ஹோகன் என்ற ஆட்டக்காரரும் ஒருவர். இன்றும் அங்கே ஒரு பக்கத்து கேலரிக்கு அவர் பெயர்தான். 2007 பிப்ரவரி 24 அன்று அதே மைதானத்துக்கு இங்கிலாந்து ரக்பி அணி வந்தது. வழக்கப்படி விருந்தாளியின் கீதம் முதலில். அதாவது, அந்தப் படைகள் யாருக்காகச் சுட்டனவோ அந்த அரசின் கீதம், அந்த மண்ணிலேயே. என்ன நடக்குமோ என்று பல வாரங்களாக நாடே பேசிக்கொண்டிருந்தது. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடிய அரங்கில் அயர்லாந்துக்காரர்கள் எழுந்து நின்று அதைக் கடைசிவரை கேட்டார்கள். முடிந்ததும் கைதட்டினார்கள். பிறகு அவர்களுடைய கீதம் எழுந்தபோது, மலைபோல் நின்ற வீரர்கள் கண்ணீர் விட்டு அழுததைக் காணொளியில் இன்றும் பார்க்கலாம். ஆட்டத்தில் அயர்லாந்து 43-13 என்று வென்றது.

அந்த மக்களுக்கு விசிலடிக்கக் காரணம் இருந்தது, பெயர் சொல்லி அழக்கூடிய காரணம். நமக்கு என்ன இருக்கிறது? போன தொடரில் தோற்றோம், அவ்வளவுதானே? அவர்களால் முடிந்த அமைதி நம்மால் முடியாதா?

சொந்த நாட்டின் கீதத்துக்கே விசிலடிப்பது வேறு விஷயம். 2001-இல் பாரிஸ் அருகே பிரான்ஸ்-அல்ஜீரியா கால்பந்து ஆட்டத்தில் பிரெஞ்சு கீதத்துக்கு எழுந்த விசில், பெரும்பாலும் பிரான்ஸிலேயே வளர்ந்த, வட ஆப்பிரிக்க வம்சாவளி இளைஞர்களுடையது. இந்த நாடு எங்களுக்கும் உரியதா என்ற கேள்வி அதற்குள் இருந்தது. 2008-இல் துனிசியாவுடனான ஆட்டத்திலும் அதே விசில். இனி இப்படி நடந்தால் ஆட்டத்தையே நிறுத்துவோம் என்று அரசு அறிவித்தது. ஹாங்காங்கில் 2020-இல் வந்த சட்டமோ கீதத்தை அவமதித்தால் மூன்றாண்டு வரை சிறை என்கிறது. சிறைக்குப் பயந்து வாயை மூடுகிறவன் மனதில் மரியாதை எப்படி வரும்? நான் உங்களிடம் கேட்கும் அமைதி அந்த வகை அல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது விசிலடிக்காத நல்ல ரசிகர்களுக்கு. சென்ற ஆண்டு நம் கீதம் ஒலித்தபோது என் வரிசையில் ஒரு பெண் உட்கார்ந்தே இருந்தார். மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கீதம் முடிவதற்குள் பின்னாலிருந்து ஒருவர் செல்போனை நீட்டிப் படம்பிடித்தார். “எழுந்திரு” என்று இன்னொருவர் கத்தினார். கத்தியவரும் படம்பிடித்தவரும் அந்த நேரத்தில் கொடியைப் பார்க்கவில்லை, பாடவும் இல்லை. கீதத்தின்போது அடுத்தவரின் உதட்டையும் முழங்காலையும் கண்காணிப்பதற்கா அரங்குக்கு வருகிறோம்? ஸ்பெயின் நாட்டின் கீதத்துக்கு அதிகாரபூர்வமான வரிகளே கிடையாது, வெறும் இசைதான். 2010 கால்பந்து உலகக் கோப்பையை வென்ற ஸ்பெயின் வீரர்கள் கீதம் ஒலித்தபோதெல்லாம் உதடு அசையாமல்தான் நின்றார்கள். அவர்கள் நாட்டுப்பற்றை எதை வைத்து அளப்பீர்கள்?

1938 மே மாதம் பெர்லினில் ஜெர்மனியுடனான ஆட்டத்துக்கு முன் இங்கிலாந்து கால்பந்து அணியை நாஜி சல்யூட் அடிக்கச் சொன்னார்கள், சொன்னவர்கள் இங்கிலாந்து அணியின் சொந்த மேலிடத்தார். மரியாதைக்காக என்றார்கள். வீரர்கள் கையை நீட்டினார்கள். அன்று 6-3 என்று வென்றும், இன்றுவரை அந்த ஆட்டத்தின் நினைவாக நிற்பது அந்த வெட்கக்கேடான புகைப்படம்தான். மாறாக, 2016-இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்னிக், கறுப்பினத்தவருக்கு இழைக்கப்படும் அநீதியைக் கண்டித்து, முதலில் கீதத்தின்போது உட்கார்ந்திருந்தார். நேட் போயர் என்ற முன்னாள் ராணுவ வீரர் அவரைச் சந்தித்துப் பேசினார். இறந்த தோழனின் கல்லறை முன் வீரர்கள் மண்டியிடுவதைச் சொல்லி, உட்காருவதைவிட மண்டியிடலாமே என்றார் அந்த ராணுவத்தார். கேப்பர்னிக் ஏற்றுக்கொண்டார். ஒத்துப்போகாத இருவர் உட்கார்ந்து பேசியதில் பிறந்தது அந்த மண்டியிடல். நம் கேலரியில் அப்படி ஒரு பேச்சுக்கு இடம் இருக்கிறதா? கத்தத்தான் தெரிகிறது.

அரங்க நிர்வாகிகளிடமும் ஒரு வார்த்தை. ஒலிக்கப் போவது எந்த நாட்டின் கீதம் என்று மைக்கில் நிதானமாகச் சொல்லுங்கள். அதன் வரிகளின் பொருளைப் பெரிய திரையில் போடுங்கள். பொருள் தெரிந்த பாட்டுக்கு ஊளையிடக் கொஞ்சமாவது கூசும். சரியான கீதத்தைத்தான் போடுகிறோமா என்று இரண்டு முறை பாருங்கள். 2012-இல் குவைத்தில் தங்கம் வென்ற கஜகஸ்தான் துப்பாக்கிச் சுடும் வீராங்கனைக்கு, அவர் நாட்டைக் கேலி செய்யும் போலிக் கீதத்தை ஒலிக்கவிட்டார்கள். 2016 கோபா அமெரிக்காவில் உருகுவே வீரர்கள் நின்றார்கள், ஒலித்ததோ சிலியின் கீதம். வருடக்கணக்கில் உழைத்தவருக்குக் கிடைப்பது அந்த ஒரு நிமிடம்தான்.

நம் கொடி விஷயமும் மனதை உறுத்துகிறது. தோற்ற நாளில் ஆட்டம் முடிந்ததும் இருக்கைகளுக்கு அடியில் எத்தனை கொடிகள் மிதிபட்டுக் கிடக்கின்றன! கீதத்துக்கு விறைத்து நின்ற அதே கைகள்தான் அவற்றை அங்கே போட்டுவிட்டுப் போகின்றன. கொண்டுவந்த கொடியைத் திரும்ப எடுத்துச் செல்லுங்கள். நான் வெளியேறும்போது என் வரிசையில் கிடப்பதைப் பொறுக்கிக்கொண்டுதான் போகிறேன், கூட வர விருப்பமுள்ளவர்கள் வாருங்கள்.

அடுத்த ஆட்டத்தில் எதிரணியின் கீதம் தொடங்கும்போது தொப்பியைக் கழற்றுங்கள். நடந்துகொண்டிருந்தால் நில்லுங்கள். செல்ஃபியைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். பக்கத்துத் தம்பி விரலை வாயருகே கொண்டு போனால் திட்டாதீர்கள், மெதுவாக அவன் தோளில் கை வையுங்கள். இருபது வயதில் என் தோளில் யாரும் கை வைக்கவில்லை. முதல் பந்து வந்த பிறகு நாம் போடும் கூச்சலில் அரங்கக் கூரை பறக்கட்டும், அதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

கண்ணை மூடிக்கொண்டு பாடிய அந்த வீரர் அடுத்த ஆட்டத்துக்கும் வருகிறார். இந்த முறை அவர் குரல் அவருக்குக் கேட்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் கேலரியிலிருந்து ஒரு ரசிகன்