டேகானா குன்றைப் பார்த்துவிட்டேன்

மாப்ளே,

ஒரு வருடம் ஆகிவிட்டது நாம் பேசி. போன டிசம்பரில் போனில் கத்திவிட்டு வைத்தவன் நான்தான், அதனால் முதலில் எழுத வேண்டியவனும் நான்தான். பல தடவை எழுத உட்கார்ந்து, என்ன சொல்வது என்று தெரியாமல் எழுந்து போயிருக்கிறேன். இப்போது சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. டேகானாவுக்குப் போய்விட்டு வந்தேன்.

ஆமாம், அதே டேகானாதான். கல்லூரியில் நமக்குப் பாறைப் பாடம் எடுத்த சுத்தியல் சார் வகுப்பில் "டங்ஸ்டன்: டேகானா, ராஜஸ்தான்" என்று ஒரே ஒரு வரி. அதை மனப்பாடம் செய்து மூன்று தேர்வில் எழுதினோமே, அந்த ஊர்.

வீட்டுச் சேதி சுருக்கமாக: அம்மா நன்றாக இருக்கிறார், கண் ஆபரேஷன் முடிந்தது. பெரியவள் பன்னிரண்டாவது. மைத்துனரோடு போர்வெல் ரிக் தொழில் அப்படியே ஓடுகிறது, இரண்டு வண்டி கர்நாடகாவில், ஒன்று ராஜஸ்தானில். திருச்செங்கோட்டு வண்டி போகாத மாநிலம் ஏது! அந்த ராஜஸ்தான் வண்டியில் கம்ப்ரசர் கோளாறு என்று நாகௌர் பக்கம் போனவன், வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறிவிட்டேன். டேகானா ஒரு ஜங்ஷன், ஜோத்பூரில் இருந்து ஜெய்ப்பூர் போகும் பாதையில். அதே பாதையில் கொஞ்சம் தள்ளித்தான் மக்ரானா, தாஜ்மகாலுக்குப் பளிங்கு போன ஊர். அங்கே எல்லோரும் இறங்குகிறார்கள். டேகானாவில் கல் பார்க்க இறங்கியது அன்றைக்கு நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

சமதரை, மணல், எங்கே பார்த்தாலும் வன்னி மரம். அவர்கள் கேஜ்ரி என்கிறார்கள், அதே மரம்தான், நம் கோயில் வன்னிதான். நடுவில் திடீரென்று ஒரு குன்று. ரேவத் குன்று. பெரிதாக ஒன்றும் இல்லை மாப்ளே, நம் மதுரை ஆனைமலை பக்கத்தில் வைத்தால் குட்டி போலிருக்கும். இந்தக் குன்றில்தான் பல காலம் இந்தியாவின் டங்ஸ்டன் கிடைத்தது.

பாறையைப் பார்த்ததும் மேலே ஏறாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எழுபது எண்பது கோடி வருடத்துக்கு முன்னால், பழைய ஃபில்லைட் பாறையைக் குடைந்துகொண்டு கீழே இருந்து கிரானைட் குழம்பு ஏறியிருக்கிறது. குழம்பு இறுகும்போது எல்லாத் தாதுக்களும் இடம் பிடித்து உட்கார்ந்துவிடும், டங்ஸ்டனுக்கும் லித்தியத்துக்கும் ஃபுளோரினுக்கும் மட்டும் எந்தப் படிகத்திலும் சரியான இடம் கிடைக்காது. கடைசிவரை மிஞ்சி, கொதிக்கும் நீரோடு நீராகச் சேர்ந்து, கல்லில் வெடிப்பு கிடைத்த இடமெல்லாம் பாயும். அது ஆறி இறுகினால் வெள்ளைக் குவார்ட்ஸ் நரம்பு, அதற்குள் கருப்புக் கருப்பாக வுல்ஃப்ரமைட், அதுதான் டங்ஸ்டன் தாது. நரம்பின் இரு பக்கமும் கிரானைட்டே உருமாறி, ஃபெல்ட்ஸ்பார் செத்து, குவார்ட்ஸும் மைக்காவுமாகப் பளபளக்கும் கிரைசன். படம் போட்டு மதிப்பெண் வாங்கியதை முப்பது வருடம் கழித்து விரலால் தடவிப் பார்த்தேன்.

நரம்பு இருந்த இடத்தில் இப்போது நரம்பு இல்லை. குன்றில் கத்தியால் கீறியது போல ஒடுங்கிய பிளவுகள்தான். தாது போன வழியே மனிதன் போயிருக்கிறான். அடிவாரத்துச் சரளையிலும் வுல்ஃப்ரமைட் உண்டு, மேலே சிதைந்த நரம்பில் இருந்து உருண்டு வந்தது. ஒரு துண்டு எனக்குக் கிடைத்தது, கொட்டைப்பாக்கு அளவு. கையில் எடுத்ததும் தெரிந்துவிட்டது, கண்ணுக்குத் தெரியும் அளவுக்கும் கை உணரும் எடைக்கும் பொருந்தவில்லை. குவார்ட்ஸைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல் கனம். ஸ்வீடன்காரன் 'கனத்த கல்' என்று பெயர் வைத்ததில் ஒரு தப்பும் இல்லை.

இந்தக் குன்றைத் தோண்ட ஆரம்பித்த கதை உனக்குப் பிடிக்கும், வரலாறு என்றால் சோறு தண்ணி மறக்கிற ஆள். முதல் உலகப் போர் வரைக்கும் பிரிட்டிஷ் பேரரசுக்குள் கிடைத்த டங்ஸ்டன் தாதுவில் பெரும்பகுதி ஜெர்மனிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது, உருக்கிப் பிரிக்கும் வித்தை அவர்களிடம் இருந்தது. டங்ஸ்டன் கலந்த எஃகு செஞ்சூடு ஏறினாலும் கூர் மழுங்காது, அது இருந்தால் கடைசல் பட்டறை பல மடங்கு வேகத்தில் ஓடும், பீரங்கிக் குண்டும் அதே வேகத்தில் பிறக்கும். 1914இல் சண்டை மூண்டதும் லண்டனில் விழித்துக்கொண்டார்கள், தாது நம்முடையது, உலோகம் எதிரியுடையது என்று. உடனே பர்மாவில் தவாய் சுரங்கங்களை முடுக்கினார்கள். ஜோத்பூர் சமஸ்தானத்துக்குள் இருந்த இந்தச் சின்னக் குன்றிலும் வேலை தொடங்கியது. சண்டை முடிந்ததும் விலை விழுந்தது, வேலையும் படுத்தது. இரண்டாம் போரில் மறுபடி எழுந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு நம் அரசாங்கமே நடத்தியது. 1980களில் சீனத் தாது மலிவாக வந்து உலகச் சந்தையில் கொட்ட, எத்தனையோ நாட்டில் சுரங்கங்கள் மூடின. 1990களின் தொடக்கத்தில் இங்கேயும் மூடிவிட்டார்கள். தாது தீரவில்லை மாப்ளே. விலைதான் கட்டுப்படியாகவில்லை.

ஸ்டேஷன் பக்கம் டீக்கடையில் பேச்சுக் கொடுத்தேன். கடைக்காரரின் அப்பா அங்கே வேலை பார்த்தவர். கம்பு ரொட்டியும் பூண்டுச் சட்னியும் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்தார். 2023இல் நடந்ததைச் சொன்னார். காஷ்மீர் ரியாசியில் 59 லட்சம் டன் லித்தியத் தாது என்று பிப்ரவரியில் அறிவிப்பு வந்ததே, அதன் பின்னாலேயே மே மாதம் டேகானாவில் அதைவிடப் பெரிய லித்தியம் என்று பத்திரிகை எல்லாம் எழுதிவிட்டன. ஊருக்குள் காமிராவும் காருமாம், நிலத்து விலை விசாரிப்பாம். ஓரிரு நாளில் புவியியல் ஆய்வுத் துறை அது ஆதாரமற்ற செய்தி என்று சொல்லிவிட்டது. வந்தவர்கள் போய்விட்டார்கள். லித்திய மைக்கா அந்தக் குன்றில் இருப்பது உண்மை, நானே பார்த்தேன், ஆனால் இருப்பது வேறு, எடுத்துக் கட்டுப்படியாவது வேறு. இது நமக்கு முதல் வருடப் பாடம். அந்த ஊருக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. இப்போது சீனா 2025 பிப்ரவரியில் டங்ஸ்டன் ஏற்றுமதிக்கு அனுமதி வேண்டும் என்று பூட்டுப் போட்டு விலை ஏறியதும், சுரங்கத்தை மறுபடி திறப்பார்களா என்று என்னிடம் கேட்டார். சுத்தியலும் லென்சும் வைத்திருந்ததால் என்னை அதிகாரி என்று நினைத்துவிட்டார். அவர் கேட்டபோது அவர் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்து எனக்கு வாய் வரவில்லை.

சரி, இனி நம் சண்டைக்கு வருகிறேன்.

2024 நவம்பரில் மேலூர் பக்கம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்து, உங்கள் வல்லாளபட்டியும் அரிட்டாபட்டியும் அந்த இரண்டாயிரம் ஹெக்டேருக்குள் வருகிறது என்று நீ கொதித்தபோது, நான் சொன்னது எனக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது. "பிட்டு இல்லாமல் போர் போட முடியுமா, எங்கேயாவது தோண்டித்தானே ஆக வேண்டும்." என் பிழைப்பே அதில் இருக்கிறது. பாறையைக் குடையும் ஆறரை இன்ச் பிட்டில் பதித்திருக்கும் ஒவ்வொரு பட்டனும் டங்ஸ்டன் கார்பைடுதான், உலகத்தில் ஐந்தில் நான்கு பங்கு டங்ஸ்டன் சீனாவில் எடுப்பது, அவன் கையைச் சுருக்கினால் நான் கடையை மூட வேண்டும். அது இன்றைக்கும் உண்மைதான், அதில் நான் பின்வாங்கவில்லை. ஆனால் நீ அன்றைக்கு ஒன்று கேட்டாய்: "நீ ஒரு டங்ஸ்டன் சுரங்கத்தையாவது பார்த்திருக்கிறாயா?" அதற்குத்தான் போனை வைத்தேன். பார்த்ததில்லை.

இப்போது பார்த்துவிட்டேன். குன்றில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். டன் பாறைக்கு ஒரு கிலோ டங்ஸ்டன் என்று வைத்துக்கொள், ஒரு பிட்டில் ஒன்றரைக் கிலோ கார்பைடு என்று வை. சேதாரம் எல்லாம் சேர்த்தால் ஒரு பிட்டுக்கு இரண்டு டன் பாறையை உடைக்க வேண்டும். உடைத்து, மாவாக அரைத்து, தண்ணீரில் அலசிக் கனமானதைப் பிரிக்க வேண்டும். தண்ணீர் மாப்ளே, அந்தப் பாலையில்! நாகௌரில் நாங்கள் அறுநூறு அடி இறக்கி வருவது உப்புத் தண்ணீர். ஃபுளோரைடும் அதிகம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம்தான் உச்ச வரம்பு, அதைத் தாண்டிய கிணறுகள் அந்த மாவட்டத்தில் ஏராளம். பல்லில் பழுப்புக் கறை ஏறி, முதுகு வளைந்துபோன ஆட்களை அங்கே நீ பார்க்க வேண்டும். கூனல் விழுந்தவர்கள் அதிகம் என்பதாலேயே ஒரு வட்டாரத்துக்கு 'பாங்கா பட்டி' என்று பெயர், 'வளைந்த வட்டாரம்' என்று அர்த்தம். நம் தர்மபுரிப் பக்கம் ஒகேனக்கல் தண்ணீர் வருவதற்கு முன்னால் இருந்த அதே நோய். இது சுரங்கத்தால் வந்தது என்று நான் சொல்லவில்லை, பாறையிலேயே இருக்கிறது, மழை குறைந்த இடத்தில் கழுவிப் போக வழியில்லாமல் தண்ணீரில் சேர்கிறது. ஆனால் இவ்வளவு பாறையை இப்படித் தண்ணீரில் அலசும் ஒரு வேலையை, கண்மாயும் ஊருணியும் வைத்துப் பிழைக்கிற ஒரு சீமையில், ஏதோ போர்வெல் பாயிண்ட் பார்ப்பது போல நான் பேசினேன். அதற்கு என்னை மன்னித்துவிடு.

2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது என்று செய்தி வந்தபோது நான் ஹூப்ளியில் வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். முதலில் உன் நினைவுதான் வந்தது. ஏலத்தை எதிர்த்து நீ மதுரைக்கு நடந்துபோன படத்தையும் யாரோ அனுப்பியிருந்தார்கள், முன் வரிசையில் அந்தப் பச்சைத் துண்டோடு. அன்றைக்கே கூப்பிட்டிருக்க வேண்டும்.

அப்புறம் ஒன்று. ஊருக்கு வந்ததும் ஷெட்டின் பின்னால் போய்ப் பார்த்தேன், தேய்ந்துபோன பிட்டுகள் சாக்குச் சாக்காகத் துருப்பிடித்துக் கிடக்கின்றன. இரும்பு விலைக்குத் தள்ளிவிடுவோம் இத்தனை நாளும், பட்டனோடு சேர்த்து. உலகத்துத் தேவையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு டங்ஸ்டன் பழைய உலோகத்தில் இருந்துதான் வருகிறது. நாங்கள் என்னடா என்றால் எடைக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்! திருச்செங்கோட்டில் மட்டும் எத்தனை வண்டி, எத்தனை பிட்டு, யோசித்துப் பார். நான்கைந்து பேரிடம் பேசியிருக்கிறேன், பட்டனைத் தனியே கழற்றிச் சேர்த்து வாங்குகிற ஆளும் கிடைத்துவிட்டான். மைத்துனர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, இதெல்லாம் வேலைக்கு ஆகாது என்கிறார். ஒரு மாதக் கணக்கை எழுதிக் காட்டினால் ஒத்துக்கொள்வார் என்று நம்புகிறேன். அந்தக் கணக்கை நீ ஒரு தடவை பார்த்துக் கொடு, எனக்கு எண்ணில் எப்போதுமே உன் கண் வேண்டும்.

அந்தக் கொட்டைப்பாக்குக் கல் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. பொங்கல் கழிந்து மேலூர் வருகிறேன், தங்கச்சியிடம் சொல்லி வை, சாப்பாடு உங்கள் வீட்டில்தான். அரிட்டாபட்டி மலையில் அந்தத் தமிழி எழுத்தும் சமணப் படுக்கையும் இருக்கிற இடத்துக்குக் கூட்டிப் போ. மூன்று வருடம் மதுரையில் படித்துவிட்டு ஒரு தடவைகூடப் போகவில்லை நான். ஒட்டகத்தையும் கூப்பிடு, அவன் இப்போது காரைக்குடியில்தானே இருக்கிறான்?

போன் செய்தால் எடு.

உன்,
நெட்டை