சேல்ஸ்மேன் எம்.பி. ஆன கதையில் விடுபட்டவை

ஆசிரியருக்கு வணக்கம்.

வசந்த் அண்ட் கோ நிறுவனர் எச்.வசந்தகுமாரைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அகஸ்தீஸ்வரத்தில் பிறந்து, வி.ஜி.பி.யில் விற்பனையாளராக இருந்து, 1978-ல் தி.நகரில் சொந்தக் கடை போட்டு, நாடாளுமன்றம் வரை போனவரின் கதை. விறுவிறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் அவரை இரண்டு முறை எம்.எல்.ஏ. ஆக்கிய நாங்குநேரித் தொகுதிக்காரனான எனக்கு, பாதிப் பந்தியில் எழுப்பிவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

கடையைப் பற்றி எழுதியதில் குறை சொல்ல மாட்டேன். டி.வி.யும் ஃப்ரிட்ஜும் மாதச் சம்பளக்காரர்களுக்கே எட்டாமல் இருந்த காலத்தில் தவணை வியாபாரம்தான் அவற்றை வீட்டுக்குள் கொண்டுவந்தது. முன்பணத்தைப் புரட்டி, ஜாமீன் கையெழுத்துப் போட உடன் வேலை பார்ப்பவரைக் கெஞ்சிக் கூட்டிப்போய், மாதாமாதம் கட்டி முடித்த பொருளின் அருமை, இன்று செல்போனிலேயே இ.எம்.ஐ. போடுகிறவர்களுக்குப் புரியாது. வந்து நிற்கிற ஆள் ஒழுங்காகக் கட்டுவாரா என்று முகத்தைப் பார்த்தே எடைபோட வேண்டிய தொழில் அது. தன் முகத்தையும் அவர் வீணாக்கவில்லை. தீபாவளி விளம்பரங்களில் சிரித்தபடி நின்ற அந்த முகம், தேர்தல் போஸ்டரில் வருவதற்கு முன்பே எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் பழக்கமாகியிருந்தது.

நீங்கள் விட்டது அவருடைய காங்கிரஸ் கட்சியை. கையில் காசு சேர்ந்தது, சீட்டு கிடைத்தது என்பதுபோல் கட்டுரை ஓடுகிறது. அண்ணன் குமரி அனந்தன் 1977-லேயே நாகர்கோவில் எம்.பி. அதாவது தம்பி கடை திறப்பதற்கு முந்தைய ஆண்டே அந்தக் குடும்பத்தில் ஒருவர் டெல்லிக்குப் போய்விட்டார். காசு மட்டுமே ஜெயிக்க வைக்கும் என்றால் 2011-ல் இதே நாங்குநேரியில் அவர் ஏன் தோற்றார்? 2014 நாடாளுமன்றத் தேர்தலில் காங்கிரஸ் தனியாக நின்று தமிழ்நாடு முழுக்க மண்ணைக் கவ்வியபோது, கன்னியாகுமரியில் இரண்டாவது இடத்துக்கு வந்தார், ஜெயித்தது பா.ஜ.க.வின் பொன்.ராதாகிருஷ்ணன். அதே ராதாகிருஷ்ணனை 2019-ல் தி.மு.க. கூட்டணியோடு எதிர்த்து, இரண்டரை லட்சம் வாக்குகளுக்கும் மேல் வித்தியாசத்தில் வென்றார். முகமும் கடையும் இரண்டு தேர்தலிலும் ஒன்றுதான். மாறியது கூட்டணி.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். 2006-ல் அவர் முதன்முதலாக எம்.எல்.ஏ. ஆனது, வீட்டுக்கொரு இலவச வண்ணத் தொலைக்காட்சி என்று தி.மு.க. வாக்குறுதி தந்த தேர்தலில். டி.வி. விற்றுப் பிழைப்பவர், டி.வி.யைச் சும்மா தருகிறோம் என்ற கூட்டணிக்காக ஓட்டுக் கேட்டார். இதற்குக் கட்டுரையில் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம்.

2016-ல் மறுபடி எங்கள் எம்.எல்.ஏ. ஆனார். 2019 மே மாதம் எம்.பி. ஆனதும் அந்தப் பதவியை ராஜினாமா செய்தார் என்று நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். இரண்டு பதவியில் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும், அது சட்டம். ஆனால் ஐந்து ஆண்டுக்கென்று நாங்கள் அனுப்பியவர் மூன்றே ஆண்டில் போய்விட்டார். அக்டோபர் இடைத்தேர்தல் வரை தொகுதிக்கு எம்.எல்.ஏ. இல்லை, பிறகு தெருவுக்குத் தெரு அமைச்சர்கள். கடைசியில் இடம் அ.தி.மு.க.வுக்குப் போனது. பதவியில் இருக்கும் எம்.எல்.ஏ.வை எடுத்து எம்.பி. தேர்தலில் நிறுத்தும் அளவுக்குக் குமரி மாவட்டக் காங்கிரசில் வேறு ஆளே இல்லையா?

இருந்திருப்பார்கள். தேர்தல் செலவைத் தானே பார்த்துக்கொள்ளக்கூடியவர்கள்தான் இல்லை என்பது என் கணிப்பு. 1967-லேயே இங்கே ஆட்சியை இழந்த கட்சிக்கு, வசதியுள்ள வேட்பாளர் என்றால் மேலிடத்துக்குப் பெரிய நிம்மதி. இடைத்தேர்தலில் அவர்கள் எங்களிடம் கொண்டுவந்து நிறுத்தியது ரூபி மனோகரனை. அவரும் தொழிலதிபர், கட்டுமானத் துறை. அப்போது தோற்றார், 2021-ல் ஜெயித்தார். சுவரில் சின்னம் வரைந்து, பூத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு தேர்தலிலும் தொண்டை கட்டும்வரை கத்திய உள்ளூர்க் காங்கிரஸ்காரர்களை எனக்குத் தெரியும். அவர்கள் வேலை பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

2020 ஆகஸ்ட் 28-ல் கொரோனாவால் வசந்தகுமார் இறந்தது எங்கள் பகுதியில் பலருக்கு உண்மையான துக்கம். அடுத்த ஆண்டு இடைத்தேர்தலில் மகன் விஜய் வசந்த் வென்றார், 2024-லும் வென்றார். மக்கள் ஓட்டுப் போட்டுத்தான் அனுப்பினார்கள், மறுக்கவில்லை. ஆனாலும் கடை மகனுக்குப் போனதையும் தொகுதி மகனுக்குப் போனதையும் ஒரே வாக்கியத்தில், ஒரே பெருமையோடு எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உறுத்துகிறது. கடை அவர் சம்பாதித்தது.

2019-ல் அவர் காட்டிய சொத்து சுமார் 417 கோடி ரூபாய் என்பதைக் கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். மொத்தத் தொகையால் வாசகருக்கு என்ன தெரிந்துவிடும்? தவணை கட்டுகிற ஜனங்களிடம் சம்பாதித்தவரும், அரசாங்க பில் பாஸ் ஆகக் காத்திருக்கும் கான்ட்ராக்டரும் அந்த எண்ணில் ஒன்றாகத்தான் தெரிவார்கள். பிரமாணப் பத்திரத்திலேயே வருமானம் எங்கிருந்து வருகிறது, அரசோடு ஒப்பந்தம் உண்டா என்று தனிக் கட்டங்கள் இருக்கின்றன. அடுத்த தேர்தலில் அவற்றை வெளியிடுங்கள். கூடவே, அந்தத் தொகுதிக்கு விருப்ப மனு கொடுத்துவிட்டு சீட்டுக் கிடைக்காமல் போனவர்கள் யார் யார் என்பதையும் விசாரித்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
களக்காடு.