கையை ஊன்றாமல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். மற்ற சேதியெல்லாம் அம்மா போனில் சொல்லியிருப்பாள். இதையும் அவளையே எழுதச் சொன்னேன். "பாடம் நடத்தினது நீங்கதானே, நீங்களே எழுதுங்க" என்றுவிட்டாள்.

போன ஞாயிறு வீடியோ காலில் தரையிலிருந்து எழுந்தபோது சோபாவில் இரண்டு கையையும் ஊன்றினாய். அன்றிலிருந்து அதுதான் கண்ணில் நிற்கிறது. ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த பெட்டியையும் பார்த்தேன். அதைப் பற்றி நான் கேட்கவில்லை. நீ சொல்லவும் வேண்டாம். வாரம் ஒரு ஊசி போட்டுக்கொள்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதைப் பொதுவாக எழுதுகிறேன். பொதுவாகத்தான்.

அந்த ஊசியில் இருக்கும் செமாகுளூடைடு பசியை அடக்கி எடையை இறக்கும் மருந்து, நல்ல மருந்துதான். 2021-இல் வந்த பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது. அவர்களில் ஒரு பகுதியினரை, உடம்பில் கொழுப்பு எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் டெக்ஸா ஸ்கேனில் பார்த்தபோது, இறங்கிய எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் கொழுப்பல்லாதது. அத்தனையும் தசை என்று பதறாதே. உடம்பின் தண்ணீரும் உள்ளுறுப்புகளும் அந்தக் கணக்கில்தான் சேரும். ஆனால் தசையும் உண்டு. எது போனது என்று எடை மெஷினுக்குத் தெரியாது. பாதம் வழியாக மின்சாரம் விட்டுத் தசை சதவீதம் காட்டுகிற மெஷினையும் நம்பாதே, குடித்த தண்ணீருக்கு ஏற்ப அது மாற்றிச் சொல்லும். நாற்காலியைப் பார்.

கைப்பிடி இல்லாத சாதாரண நாற்காலி போதும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 5 முறை முழுதாக எழுந்து உட்கார். முதியவர்களுக்கே 15 விநாடியைத் தாண்டினால் தசை வலு குறைந்துவிட்டதோ என்று சந்தேகப்படுவோம். உன் வயதில் அதன் பக்கத்திலேயே போகக்கூடாது.

தசை இருந்தால் தூங்கும்போதும் கொழுப்பு கரையும் என்று ஜிம்மில் சொல்வார்கள். ஒரு கிலோ தசை சும்மா இருக்கையில் ஒரு நாளைக்குச் செலவழிப்பது சுமார் 13 கிலோகலோரி. ஒரு கிலோ கொழுப்பு 4.5. வித்தியாசம் அவ்வளவுதான். தசையின் அருமை வேறு. இன்சுலின் ரத்தத்திலிருந்து இழுத்து உள்ளே அனுப்பும் குளுக்கோஸில் சுமார் 80 சதவீதத்தை வாங்கிக்கொள்வது எலும்புத் தசை என்று ஆய்வுக்கூடத்தில் அளந்திருக்கிறார்கள். வாங்குகிற வாசல் குளுட்-4 என்ற புரதம். இன்சுலின் வந்தாலும் அது செல்லின் மேல்பரப்புக்கு வரும். இன்சுலின் மந்தமாக இருந்தாலும், தசை சுருங்கினால் போதும், வரும். ஒரு தடவை செய்த பயிற்சியின் பலன் ஒன்றிரண்டு நாள் நிற்கும், பிறகு தேய்ந்துவிடும். சனிக்கிழமை மொத்தமாகச் செய்து வாரத்தைச் சரிக்கட்டலாம் என்று நினைக்காதே.

"நடக்கிறேனேப்பா" என்பாய். தெரியும். மழையென்றாலும் விடாமல் நடக்கிறவள் நீ, பிடிவாதத்தில் அப்படியே பாட்டி. அதைச் சொல்லாதவர்கள் இங்கே யாரும் இல்லை. ஆனால் குறைவாகச் சாப்பிடும் காலத்தில் நடை மட்டும் தசையைக் காப்பாற்றாது, பாரம் வேண்டும். வாரம் இரண்டு நாள், நடுவில் 48 மணி நேரம் விட்டு. நாற்காலி வரை இறங்கி எழுவது, குனிந்து எடையை இடுப்புப் பக்கம் இழுப்பது, மேசை விளிம்பில் கை ஊன்றித் தள்ளுவது. ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, இரண்டு மூன்று சுற்று. கடைசி இரண்டு முறை திணற வேண்டும். எல்லாச் சுற்றிலும் 12 சுலபமாக வந்தால் எடையைக் கூட்டு. 2 கிலோ டம்பெல்லை ஆறு மாதம் அதே 12 முறை தூக்கினால் தசைக்கு வளரக் காரணமே இல்லை. எழும்போது மூச்சை அடக்காதே.

புரதம் ஒரு நாளைக்கு, உடம்பு எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம். 70 கிலோ என்றால் 84 முதல் 112 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான், அதனால் ஒரே வேளையில் அடைத்துவிட முடியாது. மூன்று வேளைக்கும் 30, 35 கிராமாகப் பிரித்துக்கொள். பசியில்லாதபோது இரண்டு வாய் காபியோடு நிறுத்திக்கொள்கிறார்கள், அங்கேதான் தசை போகிறது. தட்டில் புரதத்தை முதலில் சாப்பிடு. குமட்டல் தாங்கவில்லை என்றால் மருந்தின் அடுத்த அளவுக்கு ஏறுவதைத் தள்ளிப்போடலாமா என்று டாக்டரிடம் கேள். வாந்தி நிற்கவில்லை, மேல்வயிற்று வலி முதுகுக்குப் பாய்கிறது என்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ. சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்தப் புரதக் கணக்கு பொருந்தாது.

நீயாக ஒரு நாள் ஊசியைச் சட்டென்று நிறுத்தியும் விடாதே. நிறுத்தியவர்களுக்கு ஒரு வருடத்தில் இறங்கிய எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. 1944-45-இல் மின்னசோட்டாவில் 36 பேரை 24 வாரம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார்கள். மறுபடி சாப்பிடத் தொடங்கியபோது கொழுப்பு முந்திக்கொண்டது, தசை பின்தங்கியது. அதனால்தான் சொல்கிறேன், நாற்காலியைப் பார்.

டைபாய்டில் மூன்று வாரம் படுத்து எழுந்தாயே, பள்ளிக் கடைசி வருஷம். சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தவளைப் பார்த்து, "இப்பத்தான் லட்சணமா இருக்கே" என்றேன். கல்லூரியில் நான் வருடா வருடம் நடத்திய பாடம் டல்லாஸ் ஆய்வு: 1966-இல் 20 வயதுப் பையன்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கவே வைத்தார்கள். 30 வருடம் கழித்து அதே ஐவரை அளந்தால், அத்தனை வருட மூப்பு குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அவர்களுடைய தாக்குப்பிடிக்கும் திறனை அதிகம் குறைத்திருந்தது. இதைக் கரும்பலகையில் எழுதியவன்தான் வீட்டில் அப்படிச் சொன்னேன். நீ சிரித்தாய். அதற்கப்புறம் நீ இளைத்தபோதெல்லாம் மெச்சினேன், ஏன் இளைத்தாய் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அந்தப் பெட்டியை என்னிடம் சொல்லாததில் உன் தப்பு ஒன்றுமில்லை.

ஞாயிறு கூப்பிடும்போது போனை மேசையில் நிறுத்தி வை, நாற்காலி முழுதாகத் தெரியும்படி. நானும் இங்கே ஒன்று போட்டுக்கொள்கிறேன். அம்மா நேரம் பார்ப்பாள்.

அப்பா