இந்த ஊரிலும் குருவி உண்டு, அப்பா

டம்ஃப்ரீஸ், ஸ்காட்லாந்து
பிப்ரவரி 2

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் எழுதிக்கொள்வது. நான் இங்கு நலம். நீங்களும் அம்மாவும் ஆச்சியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசும்போது, அம்மா சாப்பாட்டைப் பற்றியும் குளிரைப் பற்றியும் கேட்டு முடிப்பதற்குள் நேரம் ஓடிவிடுகிறது. சென்ற வாரம் நீங்கள் போனை வாங்கி, “அங்கே பழகுவதற்கு மனுஷர் இருக்காங்களா?” என்று கேட்டீர்கள். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

இருக்கிறார்கள் அப்பா. மாதத்தின் முதல் சனிக்கிழமை பிற்பகலில் நகர நூலகத்தின் ஓர் அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். தலைவர், செயலாளர், சந்தா என்று எதுவும் கிடையாது. வருகிறவர் ஏதேனும் ஒரு பிராணியைப் பற்றிய கவிதையைக் கொண்டுவந்து வாசிக்க வேண்டும். அந்தப் பிராணி அவர் வளர்த்ததாகவோ கண்ணால் பார்த்துப் பழகியதாகவோ இருக்க வேண்டும். வாசித்து முடித்ததும் அதைப் பற்றித் தமக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் வழக்கம். ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர், போலந்திலிருந்து வந்து இங்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண், இரண்டு பள்ளி ஆசிரியைகள், குதிரை வளர்க்கும் ஒரு தம்பதி, இப்படிப் பலவகை மனிதர்கள். மேஜைக்கு அடியில் எப்போதும் ஒரு வயதான ஆட்டுநாய் படுத்திருக்கும். கவிதை நீண்டுபோனால் எழுந்து, உடம்பை ஒரு முறை உதறிவிட்டு, மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளும்.

என்னை அங்கே அழைத்துப் போனவர் அந்த நாயின் சொந்தக்காரர். வாழ்நாள் முழுவதும் ஆடு வளர்த்தவர். இடுப்பு எலும்பு முறிந்து, நான் வேலை செய்யும் மருத்துவமனை வார்டில் படுத்திருந்தார். முதல் சில நாட்கள் யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்தபடி இருந்தார். மருந்து கொடுக்கும்போது, எங்கள் ஊரிலும் ஆடுதான் அதிகம் என்று சொன்னேன். “என்ன ஆடு?” என்று திரும்பிப் பார்த்தார். கன்னி ஆட்டைப் பற்றிச் சொன்னேன்: கரேலென்ற உடம்பு, முகத்தின் இருபுறமும் கண்ணுக்கு மேலிருந்து மூக்குவரை இறங்கும் வெள்ளைக் கோடு, கோடு செந்நிறமாக இருந்தால் செங்கன்னி என்ற பெயர், பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும் குணம். உணவுச் சீட்டின் பின்புறத்தில் அதை வரைந்து காட்டச் சொன்னார். காதை நான் மிகவும் நீளமாக வரைந்துவிட்டேனோ என்று கேட்டு, என்னை ஒரு முறை திருத்தி வரையவும் வைத்தார். அறுவடை முடிந்த வயலில் எருவுக்காக ஆடுகளை இரவில் அடைத்துக் கிடை போடுவதையும், ஒரு ராத்திரிக் கிடைக்கு இன்ன கூலி என்று வயல்காரர் பேசி முடிப்பதையும் சொன்னபோது, தலையணையை உயர்த்திவிடச் சொல்லி உட்கார்ந்து கேட்டார். வீட்டுக்குப் போகும் நாளில் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கூட்டத்துக்கு வரச் சொன்னார்.

இந்த ஊருக்கும் கவிதைக்கும் உள்ள உறவை உங்களிடம் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்துக்காரர்கள் உயிராக மதிக்கும் ராபர்ட் பர்ன்ஸ் 1759-ல் அயர் நகரத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர். கடைசி ஆண்டுகளை டம்ஃப்ரீஸில் கழித்து, 1796-ல், 37 வயதில், இங்கேயே இறந்தார். அவர் வாழ்ந்த வீடும் சமாதியும் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. நம் பாரதிக்கு இறக்கும்போது 38 என்று நான் சொன்னதும் அறையில் ஒரு நிமிடம் எல்லோரும் பேசாமல் இருந்தார்கள். ஜனவரி 25-ஆம் தேதி, பர்ன்ஸின் பிறந்தநாளன்று, வீடுகளிலும் உணவகங்களிலும் விருந்து வைத்து அவருடைய பாடல்களைச் சொல்கிறார்கள். படித்தவர்கள் மட்டுமன்றி, லாரி ஓட்டுகிறவரும் மீன் கடைக்காரரும் சொல்கிறார்கள். எனக்கு அது பெரிய சந்தோஷமாக இருந்தது.

பர்ன்ஸ் உழவர் வீட்டுப் பிள்ளை. 1785 நவம்பரில், மாஸ்கீல் என்ற பண்ணையில் ஏர் ஓட்டிக்கொண்டிருக்கும்போது, கொழுமுனை பட்டு ஒரு சுண்டெலியின் கூடு கலைந்துபோனது. அந்த எலியை நோக்கி அவர் பாடிய பாட்டை ஏர் பிடித்தபடியே கட்டினார் என்று அவருடைய தம்பி பின்னாளில் சொல்லியிருக்கிறார். நம் ஆட்டுக்காரப் பெரியவர் புத்தகம் பார்க்காமல் அதைச் சொன்னார். மனிதன் செலுத்தும் ஆதிக்கம் உயிர்களுக்குள் இருந்த உறவை முறித்துவிட்டதே என்று பாட்டில் உழவன் வருந்துகிறான். நீ திருடுகிறாய் என்பது தெரியும், அதனால் என்ன, நீயும் பிழைக்க வேண்டுமே என்கிறான். இருபத்து நான்கு கட்டுக் கதிரில் எப்போதாவது ஒரு கதிரை நீ எடுத்துக்கொண்டால் மிச்சத்தோடு எனக்கு ஆசியும் வந்து சேரும் என்கிறான். அந்த இடத்தில் பெரியவர் நிறுத்தி, தம் பண்ணையில் எலி தின்றது ஒரு கதிரோடு நிற்கவில்லை என்றும், இருந்தாலும் இந்த வரியைக் கேட்டு வளர்ந்தவனுக்கு எலிப்பாஷாணம் வைக்கக் கை எழாது என்றும் சொன்னார்.

பிசான அறுப்பு முடிந்ததும் நெற்கதிரைக் குஞ்சமாகப் பின்னி, குருவிக்கென்று நம் முன்வாசல் உத்தரத்தில் நீங்கள் தொங்கவிடுவீர்களே, அதை அன்று அவர்களிடம் சொன்னேன். பச்சரிசி மாவில் கோலம் போட்டு எறும்புக்கு விடும் அம்மாவைப் பற்றியும் சொன்னேன். போலந்துப் பெண், தங்கள் ஊரில் கிறிஸ்துமஸ் காலத்தில் பறவைகளுக்குத் தானியக்கதிர் வைக்கும் பழக்கம் உண்டு என்றாள். அதன் பிறகு அந்தக் கூட்டத்தில் நான் அன்னியமாக உணர்ந்ததே இல்லை.

அடுத்த மாதம் என் முறை வந்தது. என்ன கொண்டுபோவது என்று யோசித்து, நீங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நான் வாசற்படியில் உட்கார்ந்து கேட்ட குறுந்தொகைப் பாட்டையே எடுத்துக்கொண்டேன். மாமலாடனார் பாடியது, 46-ஆம் பாட்டு. வாடிய ஆம்பல் பூப்போலச் சிறகு கூம்பிய வீட்டுக்குருவி, முற்றத்தில் காயும் தானியத்தைத் தின்று, மன்றத்து எருவின் நுண்ணிய பொடியில் குடைந்து விளையாடி, கூரைச் சரிவின் அடியில் தன் குஞ்சோடு தங்கும் மாலை நேரம். பிரிந்து போனவனை நினைத்துக்கொண்டிருக்கும் பெண் தோழியிடம் கேட்கிறாள்: இப்படித் துன்பம் தரும் மாலையும் தனிமையும் அவர் சென்ற நாட்டில் இல்லையோ? நான் முதலில் தமிழில் படித்தேன். “மனை உறை குரீஇ” என்று வரும் இடத்தில் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினேன். வேலியில் சிட்டுக்குருவிகள் இருந்தன. நம் வீட்டு உத்தரத்தில் கூடு கட்டுகிற அதே இனம்தான் அப்பா இங்கேயும் இருப்பது.

பறவை கவனிப்பதில் தேர்ந்த ஆசிரியை ஒருவர் எருப்பொடியில் குருவி குடைந்தாடும் வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னார். இறகிலுள்ள பேனையும் மிகையான எண்ணெய்ப் பசையையும் போக்கிக்கொள்ளவே குருவிகள் புழுதியில் குளிக்கின்றன என்றும், மழைநாடான இங்கே அதைப் பார்க்கக் காய்ந்த கோடைநாள் வாய்க்க வேண்டும் என்றும் சொன்னார். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுக்கு முன் ஒரு புலவர் அதை நின்று பார்த்து, எருவின் பொடி என்பதுவரை குறித்து வைத்திருக்கிறாரே என்று அவர் வியந்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிரிட்டன் முழுவதும் ஜனவரி மாதக் கடைசியில் மக்கள் ஒரு மணி நேரம் தங்கள் தோட்டத்தில் பறவைகளை எண்ணிக் கணக்குக் கொடுக்கிறார்கள். 1979-ல் தொடங்கிய வழக்கம் இது. அந்தக் கணக்கில் பல ஆண்டுகளாகச் சிட்டுக்குருவிதான் முதலிடம் என்றாலும், 1970-களுக்குப் பிறகு அதன் தொகை மிகவும் குறைந்துபோனதால் 2002-ல் அதை, ஆபத்திலுள்ள பறவைகளைக் குறிக்கும் சிவப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். ஆசிரியை இந்த வாரம் எண்ணியதைச் சொல்லும்போது அவர் குரலில், வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் திரும்பி வந்துவிட்ட நிம்மதி தெரிந்தது.

குறுந்தொகைப் பெண் கேட்ட கேள்விக்கு, பிரிந்து போனவர்கள் பக்கத்திலிருந்து பதில் சொல்ல வேண்டியவள் நான். மாலை இங்கேயும் உண்டு. டிசம்பரில் நான்கு மணி ஆகும் முன்பே சூரியன் அடைந்துவிடுகிறது. பகல் வேலை முடிந்து மருத்துவமனையை விட்டு வெளியே வந்தால் நல்ல இருட்டு. ஜூனில் இரவு பத்து மணிக்கும் வானம் வெளுத்தே கிடக்கும். மார்கழி, தை மாதங்களில் இந்த நீண்ட இருட்டு மனதை அழுத்தத்தான் செய்கிறது. முதல் சனிக்கிழமையை எண்ணிக்கொண்டு அதைக் கடக்கிறேன்.

ஒரு விஷயத்தில் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு, கூட்டத்திலும் சொன்னேன். நரி என்றால் தந்திரம், கழுதை என்றால் மடமை என்று பிராணியை மனிதனுக்கு உபதேசம் செய்ய அமர்த்திக்கொள்ளும் பாட்டுகள் எனக்குப் பிடிப்பதில்லை. அவற்றில் பிராணியே இல்லை. கபிலர் குறுந்தொகையில் ஒரு குருகை, அதாவது கொக்கை, காட்டுகிறார். அவன் என்னைக் களவில் மணந்தபோது சாட்சியாக யாரும் இல்லை, ஓடும் நீரில் ஆரல் மீன் வருமா என்று பார்த்து நின்ற குருகு மட்டும் இருந்தது என்கிறாள் அந்தப் பெண். அதன் கால் தினைத்தாள் போல மெலிந்து பசுமையாக இருந்ததுவரை அவளுக்கு நினைவிருக்கிறது. அவளுடைய துயரம் கொக்குக்கு ஒரு பொருட்டே இல்லை. அதற்குத் தேவை மீன். கொக்கைக் கொக்காகவே நிற்க விட்டதால்தான் அந்தப் பெண்ணின் தனிமை நமக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று நான் நினைக்கிறேன். கால்நடை மருத்துவர் இதை முழுவதும் ஒப்புக்கொண்டார். குதிரைக்காரத் தம்பதி ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த கூட்டத்தில் வாதாட ஒரு கட்டுக் கவிதையோடு வருவார்கள்.

நவம்பரில் எல்லோருமாகக் கார்லாவெராக் என்ற கடலோரச் சதுப்பு நிலத்துக்குப் போனோம். வடதுருவத்துக்குப் பக்கத்திலுள்ள ஸ்வால்பார்டு தீவுகளில் குஞ்சு பொரிக்கும் பார்னக்கிள் வாத்துகள் கடல் கடந்து வந்து, பனிக்காலம் முழுவதும் இந்தச் சால்வே கடற்கழிக் கரையில் தங்குகின்றன. வெள்ளை முகம், கறுத்த கழுத்து. ஆயிரக்கணக்கில் ஒரே சமயத்தில் எழும்பியபோது, நாய்க்குட்டிகள் கூட்டமாகக் குரைப்பது போன்ற சத்தம் தலைக்கு மேல் கடந்து போனது. எங்கள் ஆட்டுநாய்கூட நிமிர்ந்து பார்த்தது. இவற்றின் கூட்டையோ முட்டையையோ கண்டறியாத பழங்காலத்து மக்கள், கடலில் மிதக்கும் கட்டைகளில் ஒட்டியிருக்கும் ஒருவகைச் சிப்பியிலிருந்து இந்த வாத்துகள் பிறக்கின்றன என்று நம்பினார்களாம். 2021–22 குளிர்காலத்தில் பறவைக் காய்ச்சல் பரவி இங்கு வந்த வாத்துகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மடிந்தது. அலை ஒதுக்கிய உடல்களைப் பார்த்தவர்கள் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள். அதைப் பற்றி இன்னும் யாரும் கவிதை வாசிக்கவில்லை.

அங்கே நின்றபோதுதான் நம் கூந்தன்குளத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். திரும்பி வரும் வழி முழுவதும் அதே பேச்சு. மங்கோலியாவிலும் திபெத்திலும் குஞ்சு பொரித்து, இமயமலையைத் தாண்டி நாங்குநேரித் தாலுகாவிலுள்ள ஒரு குளத்துக்கு வந்து சேரும் வரித்தலை வாத்தின் பயணத்தைக் கேட்டு வாயடைத்துப் போனார்கள். மணிமுத்தாற்றுத் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து குளம் நிறைந்தால்தான் பறவைக்கும் வயலுக்கும் வாழ்வு என்பதையும், சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள் வீட்டுக் கொல்லை மரங்களிலேயே கூடு கட்டுவதையும், எச்சத்தின் நாற்றத்தை ஊரார் பொருட்படுத்தாததையும், பறவை மிரளும் என்று தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் வெடி போடாத ஊர் அது என்பதையும் சொன்னேன். 1994-ல் சரணாலயம் என்று அரசு அறிவிப்பதற்கு வெகுகாலத்துக்கு முன்பே பறவைகளைக் காத்துவந்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள் என்பதை அழுத்திச் சொன்னேன். கூட்டிலிருந்து விழுந்த நாரைக் குஞ்சை எடுத்து மீன் ஊட்டி வளர்ப்பார்கள் என்றபோது, பெரியவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, அந்தக் குஞ்சுக்கு எவ்வளவு பெரிய மீன் கொடுப்பார்கள், கையால் ஊட்டுவார்களா, தரையில் போடுவார்களா என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மீதியை நீங்கள் மூலைக்கரைப்பட்டியிலிருந்து ஒரு நடை போய் விசாரித்து எழுத வேண்டும்.

கூந்தன்குளத்துப் பறவைகளைப் பற்றி ஒரு தமிழ்க் கவிதை வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை அப்பா. கல்யாண வாழ்த்துக்கும் பணி ஓய்வுப் பாராட்டுக்கும் எத்தனையோ வெண்பா எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். வருஷம் தவறாமல் குளத்துக்கரைக்குப் போய் வாத்து வந்துவிட்டதா என்று பார்க்கிற நீங்கள், அந்த வாத்துக்கு ஒரு வெண்பாகூட எழுதியதில்லை. ஒன்று எழுதி அனுப்புங்கள். தலையிலுள்ள இரண்டு கறுப்புப் பட்டையும் தவறாமல் வரட்டும். உபதேசம் மட்டும் வேண்டாம். பக்கத்தில் பொருளையும் எழுதிவிடுங்கள். ஆங்கிலத்தில் சொல்லும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆச்சியிடம் உட்கார்ந்து, தாலாட்டில் கிளியும் மைனாவும் கொக்கும் வருகிற வரிகளைக் கேட்டு எழுதி வையுங்கள். ஆச்சி சொல்வதைச் சொல்கிறபடியே எழுதுங்கள். இலக்கணம் பார்த்துத் திருத்த வேண்டாம். போனில் பாடச் சொல்லி அம்மா பதிவு செய்து அனுப்பினால் இன்னும் நல்லது. ஏப்ரல் மாதக் கூட்டத்தில் மறுபடியும் என் முறை. மார்ச் நடுவில் தபாலில் சேர்த்துவிட்டால் போதும். இந்த வருஷம் குளத்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, கூழைக்கடா கூடு கட்டத் தொடங்கிவிட்டதா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

அம்மாவுக்கும் ஆச்சிக்கும் என் அன்பைச் சொல்லவும்.

தங்கள் அன்பு மகள்