உன் 85 எம்எம் லென்ஸ் மேல் நான் போட்ட பழி

டேய் நண்பா,

எட்டு மாதம் வாய் திறக்காதவன் திடீரென்று எழுதினால் கடன் கேட்கத்தான் என்று நினைப்பாய். இது அதைவிட மோசம். வீட்டில் எல்லாரும் சுகம். என் முழங்கால் பழையபடிதான், அதற்கு ஒரு பத்தி தண்டம்.

நானும் மிரர்லெஸ்ஸுக்கு, அதாவது உள்ளே மிரர் இல்லாத கேமராவுக்கு மாறிவிட்டேன். மிரர் எழுந்து விழுகிற அந்தச் சத்தம் இல்லாவிட்டால் அது கேமராவே இல்லை என்று சத்தியம் பண்ணியவன்தான். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

பழைய லென்ஸ்களை விற்க மனசு வரவில்லை, அவற்றைப் புது கேமராவில் மாட்ட அடாப்டர் வாங்கினேன். உள்ளே கண்ணாடி எதுவும் கிடையாது, வெறும் குழாய். மிரர் எழ இடம் வேண்டும் என்பதற்காக லென்ஸ் மாட்டுகிற மவுண்ட்டுக்கும் படம் பிடிக்கிற சென்சாருக்கும் நடுவே கேனானில் 44 மில்லிமீட்டர், நிக்கானில் 46.5 விட்டிருந்தார்கள். மிரர் போனதும் அது கேனானில் 20, நிக்கானில் 16 என்று சுருங்கிவிட்டது. குறைந்த தூரத்தைத்தான் குழாய் ஈடுகட்டுகிறது.

முதலில் மாட்டியது என் 50 எம்எம்மை. எஃப் 1.8-ல், அதாவது துளையை அகலத் திறந்து எடுத்தால், படம் சோப்புத் தண்ணீர் மாதிரி மங்கல் என்று நான் ஊர் முழுக்கத் திட்டிய அதே லென்ஸ். ஜன்னலோரம் பூனை படுத்திருந்தது. கண்ணில் ஃபோகஸ் வைத்து ஒன்று எடுத்துப் பெரிதாக்கினேன். கருவிழிக்குள் ஜன்னல் கம்பி தெரிகிறதடா! ஐந்து கம்பி, எண்ணினேன். எனக்குக் கை சில்லிட்டுவிட்டது.

குற்றவாளி லென்ஸ் இல்லை, என் பழைய கேமரா. மிரர் வைத்த டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் பார்க்கிற சென்சார் வேறு, படம் பிடிக்கிற சென்சார் வேறு. மிரர் வழியாகக் கீழே போகிற ஒளியும் நேரே போகிற ஒளியும் ஒரே தூரம் போக வேண்டும். மயிரிழை பிசகினால் கண்ணில் வைத்த ஃபோகஸ் காதில் போய் உட்காரும். மிரர்லெஸ்ஸில் படம் பிடிக்கிற சென்சாரே ஃபோகஸும் பார்த்துவிடுவதால் அந்தப் பேச்சே இல்லை. வயிற்றெரிச்சல் என்னவென்றால், பழைய கேமராவிலேயே லைவ் வியூவில், அதாவது பின்திரையைப் பார்த்து ஒரு படம் எடுத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நான்தான் லைவ் வியூ கத்துக்குட்டிகளுக்கு என்று பேசித் திரிந்தேனே.

இப்போது உன் 85-க்கு வருகிறேன். என் கேமராவில் மாட்டி மூன்றே படம் எடுத்துவிட்டு "இது சொத்தை, தள்ளிவிடு" என்று தீர்ப்புச் சொன்னேன். "என் கேமராவில் நன்றாகத்தானே விழுகிறது" என்றாய் நீ. பாசம் கண்ணை மறைக்கிறது என்றேன். நீயும் நம்பி விற்றாய். மன்னித்துவிடு. இதைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

உன் 35-ஐயாவது காப்பாற்று. சுவருக்கு நேராக ட்ரைபாடில் வைத்து நான்கு மூலையையும் பார். ஒரு மூலை மட்டும் மங்கினால் உடனே அலறாதே. கேமராவைத் தலைகீழாக்கி இன்னொன்று எடு, ஃபைலைத் திருப்பாமல் பார். மங்கல் அதே மூலையில் நின்றால் லென்ஸுக்குள் ஏதோ சாய்ந்திருக்கிறது. எதிர் மூலைக்குத் தாவினால் நீ நேராக நிறுத்தவில்லை. நான்கும் மங்கினால் மூலையிலேயே ஃபோகஸ் வைத்துப் பார். அங்கே தெளிந்தால் ஃபோகஸ் விழுகிற தளம் தட்டையாக இல்லாமல் வளைந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆள் படம் எடுக்கிறவனுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

ஆமாம், இன்னும் சுவரைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். வாத்தியாரிடம் சொல்லிவிடாதே.

புதுசிலும் குறை உண்டு. பேட்டரி பாதி நாளில் மூச்சை விடுகிறது, பை நிறைய பேட்டரியோடு அலைகிறேன். கேமரா உடம்பு இளைத்ததென்று பார்த்தால் அடாப்டரும் லென்ஸும் சேர்ந்து மூக்கு நீண்டு நிற்கிறது.

உன் 85-ஐ வாங்கிய பையன் இன்னும் தொடர்பில் இருக்கிறானா? திருப்பித் தருவானா என்று கேட்டுப் பார். மேலே எவ்வளவு கேட்டாலும் நான் தருகிறேன். ஏன் விற்றாய் என்று அவன் கேட்டால் மட்டும் என் பெயரை இழுக்காதே.

உன்,
சுவரொட்டி